கிரேடு செய்த விளையாட்டு கார்டுகள்: 300 டாலரோடு இறங்குவதற்கு முன்

நியூ ஜெர்சியில் தமிழ்க் குடும்பங்களுக்கு வருமான வரிக் கணக்கும் குடும்ப நிதி ஆலோசனையும் பார்த்துக் கொடுப்பது என் தொழில். வீட்டுக் கடன், ஓய்வுக்காலச் சேமிப்பு, பிள்ளைகளின் கல்லூரிச் செலவு என்றுதான் வழக்கமாகப் பேச்சு போகும். இப்போது அதில் வீரர்களின் படம் அச்சிட்ட பேஸ்பால் கார்டும் பேஸ்கட்பால் கார்டும் சேர்ந்துகொண்டன. "பையன் ஒரு பி.எஸ்.ஏ. 10 வாங்கித் தரச் சொல்றான், 300 டாலர்தான். பங்கு வாங்குறதைவிட இது நல்லதுதானே?" என்று கேட்கிறார்கள். பி.எஸ்.ஏ. என்பது கார்டின் நிலையைப் பார்த்து மதிப்பெண் (கிரேடு) கொடுக்கும் நிறுவனம், 10 அதன் உச்ச மதிப்பெண். இங்கே வளரும் பிள்ளைகளுக்கு இந்தச் சந்தையின் பேச்செல்லாம் அத்துப்படி. பணம் கொடுக்கும் பெற்றோருக்கு ஒன்றும் தெரிவதில்லை. அவர்களுக்காகவும், சில நூறு டாலரோடு தாங்களே இறங்க நினைப்பவர்களுக்காகவும் எழுதுகிறேன்.

சிறிய தொகையில் இறங்குபவர்களின் பணம் பெரும்பாலும் இரண்டு இடங்களில் போகிறது: வாங்கி விற்கும் கட்டணங்களில் ஒரு பகுதி, '10' என்ற எண்ணுக்காகக் கொடுக்கும் கூடுதல் விலையில் இன்னொரு பகுதி. எந்த வீரர் ஜெயிப்பார் என்பதெல்லாம் அதற்கு அப்புறம் வரும் கேள்வி. ஆனால் பேசுகிறவர்கள் எல்லோரும் அந்தக் கடைசிக் கேள்வியைப் பற்றி மட்டும்தான் பேசுகிறார்கள்.

கிரேடு செய்வது என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. கார்டை ஒரு நிறுவனத்துக்கு அனுப்பினால், அது அசல்தானா, ஓரம் வெட்டப்பட்டிருக்கிறதா என்று முதலில் பார்ப்பார்கள். பிறகு மூலைகள், விளிம்புகள், மேற்பரப்பு, படம் நடுவில் அமைந்திருக்கும் விதம் ஆகியவற்றைப் பார்த்து 1 முதல் 10 வரை ஓர் எண் கொடுத்து, கெட்டி பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் திருப்பி அனுப்புவார்கள். அந்த உறையைத்தான் ஸ்லாப் என்கிறார்கள். பி.எஸ்.ஏ., பெக்கெட், எஸ்.ஜி.சி., சி.ஜி.சி. ஆகியவை பெரிய பெயர்கள். சந்தையில் அதிக மதிப்பு பி.எஸ்.ஏ.வுக்கு. ஆனாலும் எண்ணைக் கொடுப்பது மனிதக் கண்தான். பி.எஸ்.ஏ. 1991-ல் தொடங்கியபோது முதன்முதலில் கிரேடு செய்து 8 கொடுத்தது பேஸ்பால் வீரர் ஹோனஸ் வாக்னரின், சிகரெட் பாக்கெட்டோடு வந்த புகழ்பெற்ற பழைய கார்டுக்கு. அந்தக் கார்டின் ஓரங்களைத் தானே வெட்டியதாக ஏல வியாபாரி பில் மாஸ்ட்ரோ 2013-ல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார்.

இப்போது கணக்குக்கு வருவோம். ஈபேயில் ஒரு கார்டை 300 டாலருக்கு வாங்குகிறீர்கள். நியூ ஜெர்சி விற்பனை வரி 6.625 சதவீதம். கையைவிட்டுப் போவது 320 டாலர். ஓராண்டில் அதன் விலை 20 சதவீதம் ஏறி 360 ஆகிறது என்று வையுங்கள். விற்கும்போது ஈபே சுமார் 13 சதவீதம் எடுத்துக்கொள்ளும். விற்கும் விலையையும் வாங்குபவர் கட்டும் விற்பனை வரியையும் சேர்த்த மொத்தத் தொகையின் மேல்தான் அதைக் கணக்கிடும். அதில் 50 டாலர் போய்விடும். தபால், காப்பீடு, அட்டைப்பெட்டி எல்லாம் சேர்த்து 8 டாலர் என்றால், உங்கள் கைக்கு வருவது ஏறத்தாழ 300. கார்டு விலை 20 சதவீதம் ஏறியும் உங்களுக்கு 20 டாலர் நஷ்டம். போட்ட பணம் திரும்ப வரவே விலை 380 டாலரைத் தாண்ட வேண்டும்.

நகை வாங்கும்போது செய்கூலியும் சேதாரமும் என்ன என்று கேட்காமல் நம் வீடுகளில் யாரும் பணத்தை எடுப்பதில்லை. இங்கேயும் அதே கேள்வியைத்தான் கேட்க வேண்டும்: இன்றைக்கே திருப்பி விற்றால் என் கையில் எவ்வளவு வரும்? கார்டு வியாபாரிகள் கடை போடும் கார்டு ஷோவில் ஒரு வியாபாரியிடம் விற்றால் ஈபே கட்டணம் இருக்காது. ஆனால் சமீபத்தில் விற்ற விலையில் 70, 80 சதவீதம்தான் தருவார்கள். அவர்களும் அதில் பிழைக்க வேண்டுமே.

'சமீபத்தில் விற்ற விலை' என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். இதைத்தான் கம்ப்ஸ் என்பார்கள். ஈபேயில் ஒருவர் கேட்கும் விலை வேறு, விற்று முடிந்த விலை வேறு. 'சோல்ட்' என்று வடிகட்டிப் பார்த்தால்தான் உண்மை விலை தெரியும். அதிலும் பேரம் பேசி முடிந்த விற்பனையில் ஈபே காட்டுவது முதலில் கேட்ட விலையை. முடிந்த விலை அதைவிடக் குறைவு. ஒரே ஒரு உயர்ந்த விற்பனையைக் காட்டி உங்களிடம் விலை பேசினால், கடைசியாக நடந்த நான்கைந்து விற்பனைகளைக் காட்டச் சொல்லுங்கள்.

சரி, அந்த 10-க்கு வருகிறேன். பிள்ளைகள் கேட்பது இதைத்தான், பணம் அதிகம் போவதும் இதில்தான்.

ஒரே கார்டில் 9-க்கும் 10-க்கும் விலை பல மடங்கு வித்தியாசப்படும். பேஸ்பால் வீரர் கென் கிரிஃபி ஜூனியருக்கு அப்பர் டெக் நிறுவனம் 1989-ல் வெளியிட்ட கார்டை எடுத்துக்கொள்ளுங்கள். பி.எஸ்.ஏ. இதுவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகளை கிரேடு செய்திருக்கிறது. அதில் 10 வாங்கியவையே 4,000-க்கு மேல். 9 உள்ளதையும் 10 உள்ளதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பூதக்கண்ணாடி இல்லாமல் வித்தியாசம் சொல்வது கடினம். பழகிய சேகரிப்பாளர்களே தடுமாறுவார்கள். கண்ணுக்குத் தெரியாத அந்த வித்தியாசத்துக்குத்தான் பல மடங்கு விலை. 80-களின் கடைசியிலும் 90-களின் தொடக்கத்திலும் கார்டுகளை மலை மலையாக அச்சடித்தார்கள். அந்தக் காலத்துக்கு 'ஜங்க் வாக்ஸ்', அதாவது குப்பைக் கார்டுக் காலம், என்றே பெயர் வைத்துவிட்டார்கள். இன்றும் நிலைமை பெரிதாக மாறவில்லை. இன்றைய கார்டுகள் பாக்கெட்டிலிருந்து வந்ததும் நேராகப் பாதுகாப்பு உறைக்குள் போகின்றன. அதனால் 10 வாங்குபவை ஏராளம். சயான் வில்லியம்சன் 2019-ல் பெரும் எதிர்பார்ப்போடு என்.பி.ஏ. பேஸ்கட்பால் லீக்குக்கு வந்தார். பானினி நிறுவனத்தின் 'பிரிஸம்' வரிசையில் வந்த அவருடைய சாதாரண ரூக்கி கார்டில் (வீரரின் முதல் சீசன் கார்டு) பி.எஸ்.ஏ. 10 ஆயிரக்கணக்கில் இருக்கிறது. அவருக்குக் காயங்கள் தொடர்ந்தன, விலை சரிந்தது. அத்தனை ஆயிரம் பேரும் ஒரே நேரத்தில் விற்க நின்றால் யார் வாங்குவது?

எந்தக் கார்டு, எந்த கிரேடில், எத்தனை இருக்கிறது என்பதை பி.எஸ்.ஏ. தன் தளத்தில் இலவசமாகவே வெளியிடுகிறது. பாப் ரிப்போர்ட் என்பார்கள். அதைப் பார்க்காமல் ஒரு டாலர்கூடச் செலவழிக்க வேண்டாம்.

எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் உச்சத்தில் வாங்கினால் அடி விழும். மைக்கேல் ஜோர்டனின் 1986 ஃப்ளீர் ரூக்கி கார்டு, பி.எஸ்.ஏ. 10-ல் முந்நூற்றுச் சொச்சம்தான் உண்டு. 2021 ஜனவரி கடைசியில் கோல்டின் ஏலத்தில் இரண்டு பிரதிகள் தலா 7,38,000 டாலருக்குப் போயின. அடுத்த ஆண்டே அதே கார்டு அந்த விலையில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே விற்றது. பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டில் அடைபட்டிருந்த எல்லோரும் கார்டு வாங்கினார்கள். கிரேடுக்கு வந்து குவிந்த கார்டுகளைச் சமாளிக்க முடியாமல் 2021 மார்ச் இறுதியில் பி.எஸ்.ஏ. தன் சேவைகளில் பெரும்பாலானவற்றை நிறுத்தியே வைத்தது. அந்த நேரத்தில் வாங்கியவர்களின் கணக்குகளை இன்றும் பார்க்கிறேன். நஷ்டத்தில் விற்க மனம் வராமல் வைத்திருக்கிறார்கள்.

உறையில் இல்லாத ரா கார்டை 40 டாலருக்கு வாங்கி, தாங்களே கிரேடுக்கு அனுப்பி 10 வாங்கி விற்கலாம் என்ற யோசனையும் அடிக்கடி வருகிறது. கிரேடு கட்டணமும் போக வரத் தபாலும் சேர்ந்து 30 டாலரைத் தாண்டும். மொத்தச் செலவு 70. கார்டு 10 வாங்கினால் 120-க்கு விற்கும், 9 வாங்கினால் 45-க்கு விற்கும் என்று வைத்துக்கொண்டால், அனுப்புவதில் பாதி 10 வாங்கினாலும் கட்டணம் போக சராசரியாகக் கைக்கு வருவது 72 டாலர்தான். அந்த இரண்டு டாலருக்காக மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். நன்றாகப் பழகிய கண் உள்ளவர்கள், மொத்தமாக அனுப்புகிறவர்கள் இதில் சம்பாதிக்கலாம். சின்ன பட்ஜெட்காரர் ஏற்கனவே கிரேடு செய்த கார்டை வாங்குவதே மேல். அந்தச் செலவை வேறொருவர் செய்து முடித்திருப்பார்.

அப்படியானால் 300 டாலருக்கு என்ன வாங்கலாம்? என் யோசனை இது: விளையாடி முடித்து, சிறந்த வீரர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்று, பெயர் நிலைத்துவிட்ட வீரர்களின் 60, 70-களின் கார்டுகள். கிரேடு 4 முதல் 6 வரை. பேஸ்பால் வீரர் ராபர்ட்டோ கிளமெண்ட்டே சரியாக 3,000 ஹிட்டுகளோடு 1972 சீசனை முடித்தார். நிகரகுவா நிலநடுக்கத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கு நிவாரணப் பொருள் கொண்டுபோன விமானம் விழுந்து அந்த ஆண்டு டிசம்பர் 31-ல் இறந்தார். டாப்ஸ் நிறுவனம் வெளியிட்ட அவருடைய கடைசிக் கார்டு 1973-ல் வந்தது, எண் 50. ஹாங்க் ஆரன் 755 ஹோம் ரன்களோடு ஓய்வு பெற்ற 1976-ன் டாப்ஸ் கார்டு எண் 550. இவை இரண்டையும் நடுத்தர கிரேடில் 100 டாலருக்குள் வாங்க முடியும். இவர்களுக்கு இனி காயம் ஏற்படாது, ஃபார்ம் போகாது. அந்தக் கார்டுகளைப் பிள்ளைகள் சைக்கிள் சக்கரத்தில் செருகியும் ரப்பர் பேண்ட் போட்டும் வைத்திருந்தார்கள், அதனால் நல்ல நிலையில் மிஞ்சியவை குறைவு. விலை வேகமாக ஏறாது என்பது உண்மைதான். ஆனால் ஒரே மாதத்தில் பாதியாக இறங்குவதும் அரிது.

ஒரே கிரேடு 5-ல் இரண்டு கார்டு கிடைத்தால், படம் நடுவில் இருக்கும் கார்டை எடுங்கள். மூலை சற்று மழுங்கியிருந்தால் பரவாயில்லை. படம் ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால் பார்த்தவுடனே தெரியும், விற்கும்போதும் விலை குறையும். அந்த எண்ணுக்குப் பக்கத்தில் ஓ.சி. என்று எழுத்து இருந்தால் படம் ஒதுங்கியிருக்கிறது என்று நிறுவனமே சொல்கிறது என்று அர்த்தம். அதே எண்ணுள்ள மற்ற கார்டுகளின் விலையை அதற்குக் கொடுக்காதீர்கள்.

வரி விஷயத்தில் என்னிடம் வருபவர்கள் பெரும்பாலும் தாமதமாகத்தான் வருகிறார்கள். பதினெட்டு வயது ஆகாத பிள்ளை அப்பாவின் ஈபே கணக்கில் விற்றிருப்பான். விற்பனைத் தொகையை ஈபே வரித்துறைக்குத் தெரிவிக்கும் 1099-கே படிவம் அப்பா பெயருக்கு வரும். மத்திய அரசின் வரம்பு 20,000 டாலரும் 200 விற்பனைகளும் என்றாலும், நியூ ஜெர்சிக்கு 1,000 டாலர்தான் வரம்பு. படிவம் வராவிட்டாலும் லாபத்துக்கு வரி உண்டு. ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்றால் இதைச் சேகரிப்புப் பொருளாகவே கணக்கிடுகிறோம். அதற்கு மத்திய வரி அதிகபட்சம் 28 சதவீதம்வரை போகலாம். பங்குக்கு உள்ள 15 அல்லது 20 சதவீதச் சலுகை இதற்கு இல்லை. ஓராண்டுக்குள் விற்றால் சம்பளத்தோடு சேர்த்து வரி. கார்டுக்குக் கார்டு மாற்றிக்கொண்டாலும் அது விற்பனைதான். 2018 முதல் அப்படிப்பட்ட பரிமாற்றத்துக்கு விலக்கு கிடையாது. கார்டு ஷோவில் மாற்றிக்கொள்ளும் பிள்ளைகளுக்கு இது தெரிவதே இல்லை.

படிவத்தில் இருப்பது விற்ற மொத்தத் தொகை. வாங்கிய விலையை நிரூபிக்க ரசீது இல்லையென்றால் மொத்தத்தையும் லாபமாகக் கருத இடம் கொடுத்ததாகிவிடும். ஆகவே வாங்கிய அன்றே ஒரு தாளில் தேதி, விலை, வரி, தபால், கிரேடு கட்டணம், ஸ்லாபின் சான்றிதழ் எண் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். வாங்கச் செலவானதும் கிரேடு கட்டணமும் அடக்க விலையில் சேரும். இந்தத் தாள் காப்பீட்டுக்கும் உதவும். சாதாரண வீட்டுக் காப்பீட்டில் சேகரிப்புப் பொருளுக்கு வரம்பு இருக்கும், அதையும் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

போலி ஸ்லாப்புகள் நிஜமான ஆபத்து. 2024 மே மாதத்தில் கார்டு விற்ற இரண்டு பேர் மீது நியூயார்க்கின் மத்திய அரசு வழக்கறிஞர்கள் வழக்குப் போட்டார்கள். குறைந்த தரக் கார்டுகளைப் போலி உறையில் அடைத்து, உயர்ந்த கிரேடு லேபிள் ஒட்டி, 20 லட்சம் டாலருக்கு மேல் மோசடி செய்ததாகவும் செய்ய முயன்றதாகவும் குற்றச்சாட்டு. அதில் ஜோர்டன் ரூக்கி கார்டும் உண்டு. சான்றிதழ் எண்ணைத் தளத்தில் போட்டுப் பார்த்தால் மட்டும் போதாது, ஏனென்றால் போலிக்காரர்கள் உண்மையான எண்ணைத்தான் நகலெடுக்கிறார்கள். தளத்தில் கார்டின் படம் இருந்தால் அதையும் கையில் உள்ளதையும் ஒப்பிடுங்கள். ஓரங்களின் அகலம், அச்சுப் புள்ளிகள், மூலைத் தேய்மானம் எல்லாம் பொருந்த வேண்டும். உறையின் விளிம்பு வெண்மையாக மங்கியிருந்தால் திறந்து மூடியிருக்கலாம். முன்பின் தெரியாதவருக்கு ஸெல் (வங்கிக் கணக்கிலிருந்து நேராகப் பணம் அனுப்பும் சேவை) வழியாகப் பணம் அனுப்பாதீர்கள். பேபாலில் 'நண்பர், குடும்பம்' என்ற வழியில் அனுப்பினாலும் பாதுகாப்பு இல்லை.

கடைசியாக, நேரலை 'பிரேக்'. ஒருவர் கேமரா முன் கார்டுப் பெட்டியைப் பிரிப்பார். நீங்கள் முன்கூட்டியே ஓர் அணியை விலைக்கு எடுத்திருப்பீர்கள். அந்த அணியின் கார்டு வந்தால் உங்களுக்கு, வராவிட்டால் பணம் போனது போனதுதான். என் வாடிக்கையாளர் குடும்பங்களில் பிள்ளைகளின் பணம் அதிகம் கரைந்தது இதில்தான். மாலை நேரத்தில், நண்பர்களோடு, 15 டாலர் 20 டாலராகப் போவதால் யாருக்கும் உறைப்பதில்லை. உங்கள் வீட்டில் கார்டு வாங்கும் பிள்ளை இருந்தால், கடந்த மூன்று மாதக் கடன் அட்டைப் பட்டியலை அவனோடு உட்கார்ந்து பாருங்கள். பிரேக்குக்குப் போனதைத் தனியாகக் கூட்டி, அந்தத் தொகைக்கு ஒரு கிளமெண்ட்டேயும் ஓர் ஆரனும் வாங்கியிருக்க முடியுமா என்று அவனையே விலை தேடிப் பார்க்கச் சொல்லுங்கள்.