அந்த வானுக்குக் காசு கொடுத்தது யார்?

சில மாதங்களுக்கு முன் வன்னியில் ஒரு பிரதேச செயலகத்தில் கூட்டம். பெண் தலைமைத்துவக் குடும்பங்களின் வாழ்வாதார உதவி பற்றியது. உளவளத்துணையாளர் என்ற முறையில் என்னையும் அழைத்திருந்தார்கள். பேச்சு காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் நடத்தும் போராட்டத்தின் பக்கம் திரும்பியது. முன்வரிசையிலிருந்த அரசியல்வாதி ஒருவர் கேட்டார்: "மல்லாவியிலிருந்து கிளிநொச்சிக்கு வான் பிடித்து வருகிறார்களே, அதற்குக் காசு யார் கொடுப்பது?" சிலர் சிரித்தார்கள். எனக்கு விடை தெரியும். ஆனாலும் நான் வாய் திறக்கவில்லை. அந்த மௌனம் இன்றும் என்னை உறுத்துகிறது.

விடை இதுதான். பன்னிரண்டு பெண்கள் மாதந்தோறும் சீட்டுப்போல ஒரு தொகை சேர்க்கிறார்கள். மாங்குளத்தில் இறங்கி பஸ் மாறிப் போகலாம். ஆனால் பின்னேரம் திரும்பி வரப் பஸ் கிடைக்கும் என்ற நிச்சயமில்லை. முழங்கால் வலியும் நீரிழிவும் உள்ளவர்கள் இருட்டில் சந்தியில் நிற்க முடியாது. அதனால்தான் வான். (அவர்களின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். அடையாளம் தெரியாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறேன்.)

அந்த அரசியல்வாதி கெட்டவர் அல்லர் என்றே இன்னமும் நினைக்கிறேன். தேர்தல் கூட்டத்துக்கு ஆள் திரட்டிப் பழகியவருக்கு ஒரு கூட்டத்தைக் கண்டதும் முதலில் கண்ணில் படுவது பஸ்ஸும் சாப்பாட்டுப் பார்சலும்தான். யார் ஒழுங்கு செய்தது, எவ்வளவு செலவு, பதிலுக்கு என்ன கேட்பார்கள் என்று மனம் தானாகக் கணக்குப் போடும். தன் தொழில் கற்றுக்கொடுத்த கண்ணால்தான் அவர் அந்தத் தாய்மாரையும் பார்க்கிறார். யாரும் அழைக்காமல், எதையும் எதிர்பார்க்காமல் ஒருவர் வீதிக்கு வருவார் என்பதை அவருடைய அனுபவத்தில் அவர் அதிகம் கண்டதில்லை.

இந்தச் சந்தேகம் தமிழ்த் தாய்மாருக்கு மட்டும் உரியதும் அல்ல. 2022 பொருளாதார நெருக்கடியின்போது கொழும்பு காலிமுகத்திடலில் போராடக் கூடிய இளைஞர்களில் ஒரு பகுதியினரை ரணில் விக்கிரமசிங்க பாசிசவாதிகள் என்றார். பதவியிழந்த ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச, தன்னை வெளியேற்றியது வெளிநாட்டு ஆதரவோடு நடந்த ஒரு சதி என்று 2024இல் புத்தகமே எழுதினார். எரிபொருளுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்றவர்களுக்குக் கோபம் வர வெளிநாட்டுத் தூண்டுதல் எதற்கு? ஆனால் "பின்னால் யாரோ இருக்கிறார்கள்" என்று நம்பிவிட்டால், முன்னால் நிற்பவருக்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை போய்விடுகிறது. இந்தச் சந்தேகம் இவ்வளவு காலம் உயிரோடு இருப்பதற்கு இந்த வசதியே முதற்காரணம் என்பது என் கணிப்பு.

சந்தேகத்துக்கு இடம் தரும் விடயங்களும் உண்டு. புலம்பெயர்ந்த உறவுகள் போராட்டப் பந்தல்களுக்கு உதவியதுண்டு. சங்கங்களுக்குள் பிளவுகள் வந்தன. அரசியல்வாதிகள் சிலரே ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு படத்துக்கு முகம் காட்டிப் போயிருக்கிறார்கள். அதே தாய் ஒரு கையில் மகனின் படத்தையும் மறு கையில் வீட்டுத்திட்ட விண்ணப்பத்தையும் வைத்திருப்பாள். இதைக் காணும் உத்தியோகத்தர், "வீடு கிடைத்தால் எழும்பிப் போய்விடுவார்கள்" என்கிறார். இத்தனை வருடத் தொழிலில் ஒரே ஒரு காரணத்துக்காக எதையும் செய்த மனிதர் எவரையும் நான் சந்தித்ததில்லை. கூரை ஒழுகுகிறது என்பதால் மகனைத் தேடுவது பொய்யாகிவிடாது.

2019 வரவு செலவுத் திட்டத்தில், காணாமற் போனமைக்கான சான்றிதழ் பெற்ற குடும்பங்களுக்கு மாதம் 6,000 ரூபாய் கொடுக்க முன்மொழிந்தார்கள். போராட்டத்தில் இருந்தவர்கள் அதை மறுத்தார்கள். "பணத்துக்காக வந்தவர்கள்" என்று சொன்னவர்கள் அதைக் கண்டு தங்கள் கருத்தை மாற்றினார்களா? இல்லை. "யாரோ வாங்கவிடாமல் தடுக்கிறார்கள்" என்றார்கள். வாங்க நினைத்த சில ஏழைத் தாய்மாருக்கோ இருபுறமும் பழி. வாங்கினால் மகனை விற்றவள், மறுத்தால் யாரோ ஆட்டுவிக்கும் பொம்மை. என் அறையில் ஓர் அம்மா இதைச் சொல்லி அழவில்லை, சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே இருந்தார்.

காணாமல் போனவர்களின் குடும்பங்களில் உள்ள வேதனைக்கு உளவியலில் தெளிவற்ற இழப்பு என்று பெயர். வியட்நாம் போரில் காணாமல் போன அமெரிக்க விமானிகளின் குடும்பங்களை 1970களில் ஆராய்ந்த பாலின் பாஸ் வகுத்த கருத்து அது. இறந்ததாக எண்ணித் துக்கம் காக்கவும் முடியாது, இருப்பதாக நம்பிக் காத்திருக்கவும் முடியாது. பொட்டு வைப்பதா, அந்தியேட்டி செய்வதா, திருமண வீட்டில் முன்னுக்குப் போவதா என்று ஒவ்வொரு நாளும் கேள்வி. 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் தொடங்கிய போராட்டப் பந்தல், பலருக்கு இந்தக் கேள்விகளை விளக்க வேண்டியிராத ஒரே இடமாக இருந்தது. அருகில் இருப்பவளுக்கும் அதே வேதனை. அந்த இடத்தைப் பார்த்து "கூலிக்கு வந்தவர்கள்" என்று ஒருவர் சொல்லும்போது அவர் எதை உடைக்கிறார் என்பது அவருக்கே தெரியாது. அப்படியான பேச்சு வெளிவந்த வாரங்களில் என்னிடம் வருபவர்களுக்கு நித்திரை கெடுகிறது, இரத்த அழுத்தம் ஏறுகிறது. ஒருவரின் பேரன், "அம்மம்மா, காசுக்கா போகிறீர்கள்?" என்று கேட்டிருக்கிறான். பள்ளிக்கூடத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

இவர்கள் 2010இல் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவுக்குப் போனார்கள். காணாமல் போனோர் பற்றி விசாரிக்க 2013இல் நியமிக்கப்பட்ட பரணகம ஆணைக்குழுவுக்கும், பிறகு காணாமல் போனோர் அலுவலகத்துக்கும் போனார்கள். அதே நாள், அதே இடம், அதே உடுப்பின் நிறம் என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். 2017 ஜூனில் யாழ்ப்பாணத்தில் இவர்களைச் சந்தித்த ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன, 2009இல் போரின் முடிவில் வட்டுவாகல் போன்ற இடங்களில் படையினரிடம் சரணடைந்தோரின் பட்டியலை வெளியிடப் பணிப்பதாக வாக்களித்தார். பட்டியல் வரவில்லை. 2020 ஜனவரியில் ஜனாதிபதி கோட்டாபய, காணாமல் போனவர்கள் உண்மையில் இறந்துவிட்டார்கள் என்று ஐ.நா. பிரதிநிதியிடம் சொன்னார். எப்போது, எங்கே, எப்படி என்பது மட்டும் சொல்லப்படவில்லை.

போராடுபவரின் நேர்மையை அறிய வேண்டுமானால், கேட்டதைக் கொடுத்துப் பாருங்கள். முல்லைத்தீவில் கேப்பாப்புலவின் பிலவுக்குடியிருப்பு மக்கள், படையினர் வசமிருந்த தங்கள் காணியைக் கேட்டு 2017 ஜனவரி 31 முதல் விமானப்படை முகாமின் முன்னால் இரவு பகலாக இருந்தார்கள். அப்போதும் பின்னணி பற்றிய பேச்சு இருந்தது. மார்ச் 1 அன்று காணி விடுவிக்கப்பட்டது. அவர்கள் பந்தலை விட்டுத் தங்கள் வளவுக்குள் போய்ப் பற்றை வெட்டத் தொடங்கினார்கள். பக்கத்தில் காணி கிடைக்காதவர்கள் மட்டும் தொடர்ந்து இருந்தார்கள்.

அரசியலிலும் நிர்வாகத்திலும் இருப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை ஒரு போராட்டத்தைப் பற்றிப் பேசுமுன், அதன் கோரிக்கையை ஒரு வரியில் சொல்லிப் பாருங்கள். சொல்ல முடியாவிட்டால் அங்கே போய் நிலத்தில் அமர்ந்து கேளுங்கள். படம் எடுக்க ஆள் கூட்டிப் போகவேண்டாம். ஊடக நண்பர்களே, அழும் முகத்தை அனுமதியில்லாமல் படமெடுக்காதீர்கள். கோரிக்கையை முழுதாக எழுதுங்கள்.

சீட்டுக் கணக்கைச் சொல்லலாமா என்று அந்தப் பெண்களிடம் கேட்கப் போனேன். மூத்தவர் உள்ளே போய்க் கொப்பியையே எடுத்து வந்து நீட்டினார். ஒவ்வொரு பெயருக்கும் நேரே தொகையும் திகதியும் இருந்தன. "கொண்டு போய்க் காட்டுங்கள் பிள்ளை," என்றார். "காட்டிவிட்டு, வட்டுவாகலில் எங்கள் பிள்ளைகளின் பெயரைப் பதிந்த கொப்பியையும் அவர்களிடம் கேளுங்கள்."