பரணில் கிடந்த அட்டைப்பெட்டி: எது பிழைக்கும், எது பிழைக்காது

வாழ்த்து அட்டை செய்யும் ஆசையில் சார்ட், கெட்டி அட்டை, குவில்லிங் காகிதம், இங்க் பேட், டபுள் சைடு டேப் என்று வாங்கிக் குவிப்போம். ஆசை அடங்கியதும் எல்லாம் ஒரே பெட்டியில் பரணுக்கு ஏறிவிடும். ஐந்தாறு வருடம் கழித்து இறக்கினால், ஒரே நாளில் வாங்கியவற்றில் ஒன்று புதுசாகவே இருக்கும், ஒன்று கல்லாகியிருக்கும், இன்னொன்று உருகிப் பிசுபிசுக்கும். வயது எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். பொருளுக்குள் இருந்த ஈரம் எவ்வளவு வெளியேறியது, வெளியிலிருந்து ஈரமும் ஆக்சிஜனும் எவ்வளவு உள்ளே புகுந்தன என்பதில்தான் வித்தியாசம்.

முதலில் காகிதக் கட்டைப் பாருங்கள். விளிம்பில் மட்டும் பழுப்பேறி, நடுப்பகுதி வெள்ளையாகவே இருக்கும். அடுக்கி வைத்த தாள்களுக்கு நடுவே காற்றும் வெளிச்சமும் எளிதில் நுழைய முடியாது, விளிம்புதான் மாட்டிக்கொள்கிறது. மரத்தை அப்படியே அரைத்துச் செய்யும் மலிவான காகிதத்தில் லிக்னின் தங்கிவிடும். மரத்துக்கு விறைப்பைத் தருகிற பொருள் அது. வெளிச்சமும் ஆக்சிஜனும் சேர்ந்து லிக்னினை மாற்றும்போது பழுப்பு நிறச் சேர்மங்கள் உண்டாகின்றன. வெயிலில் போட்ட செய்தித்தாள் ஓரிரு நாளிலேயே நிறம் மாறுவது இதனால்தான். வேதிமுறையில் லிக்னினை நீக்கிய நல்ல அட்டையில் இந்தத் தொல்லை குறைவு.

ஆனால் நல்ல அட்டையும் மங்கும். பளிச்சென்ற வெள்ளை அட்டையில் ஒளிரூட்டும் ரசாயனம் கலந்திருப்பார்கள். புற ஊதாக் கதிரை வாங்கிக்கொண்டு நீல ஒளியாகத் திருப்பி அனுப்புவது அதன் வேலை. அந்த நீலம்தான் காகிதத்தின் இயல்பான இளமஞ்சளை மறைக்கிறது. வெளிச்சம் பட்டுப்பட்டு அந்த ரசாயனம் சிதைந்ததும் பழைய மஞ்சள் எட்டிப் பார்க்கிறது. அட்டையின் பலத்துக்கு இதனால் குறைவில்லை. தாராளமாகப் பயன்படுத்தலாம்.

பயப்பட வேண்டியது அமிலத்துக்குத்தான். மை ஊறாமல் இருக்கக் காகிதத்தில் மரப் பிசினும் படிகாரமும் சேர்க்கும் முறையை, ஜெர்மனியைச் சேர்ந்த இல்லிக் என்பவர் 1807-ல் வெளியிட்டார். மலிவான முறை என்பதால் உலகமெங்கும் பரவியது. படிகாரம் ஈரத்தோடு சேர்ந்து அமிலம் தரும். காகித இழைகள் ஆகியிருப்பது செல்லுலோஸ் என்ற நீண்ட சங்கிலி மூலக்கூறால்; அந்தச் சங்கிலியை அமிலம் ஆங்காங்கே அறுக்கும். அறுந்த துண்டுகளிலிருந்து மேலும் அமிலம் பிறக்கும். அதனால்தான் பழைய புத்தகங்கள் தொட்டாலே உதிர்கின்றன. 1980-களுக்குப் பிறகு சுண்ணாம்புக்கல் தூள் கலந்த காரத்தன்மையுள்ள காகிதம் பரவலாக வந்ததும் நிலைமை மாறியது. உங்கள் அட்டை எந்த ரகம் என்று அறிய, ஒரு மூலையை முன்னும் பின்னுமாக நான்கைந்து முறை மடித்துப் பாருங்கள். அதற்குள் மூலை கையோடு வந்தால் அதில் மடிப்பு வேலை வேண்டாம். வெட்டி ஒட்டும் பூவுக்கு வைத்துக்கொள்ளலாம்.

மூலை தாங்கினாலும், நடுவில் மடிக்கும்போது சில அட்டைகள் வெடிக்கும். அதற்கு வயதைக் குற்றம் சொல்வதற்கு முன் இழையின் போக்கைப் பாருங்கள். ஆலையில் காகிதக் கூழ், ஓடிக்கொண்டிருக்கும் சல்லடை மீது விழும்போது, இழைகள் பெரும்பாலும் ஓட்டத்தின் திசையிலேயே படுத்துவிடும். இழையோடு சேர்த்து மடித்தால் மடிப்பு வழுவழுவென்று விழும். குறுக்கே மடித்தால் இழைகளையே முறிக்க வேண்டியிருப்பதால் விளிம்பு பிசிறும். திசையைக் கண்டுபிடிக்க, சிறு சதுரம் வெட்டி ஒரு பக்கம் மட்டும் ஈர விரலால் தடவுங்கள். இழை நனைந்தால் குறுக்கேதான் பருக்கும், நீளத்தில் அவ்வளவாக நீளாது. நனைந்த பக்கம் விரியவே, துண்டு குழல்போலச் சுருளும். குழல் நீண்டிருக்கும் திசையே இழையின் திசை. மழைக்காலத்தில் ஒரே பக்கமாக அட்டை வளைந்து நிற்பதற்கும் இதே கணக்குதான்.

செல்லுலோஸுக்கு வளைந்து கொடுக்கும் தன்மையைத் தருவது அதிலிருக்கும் சிறிதளவு ஈரம். ஏசி அறையில் உலர்ந்து கிடந்த அட்டையை ஒரு ராத்திரி வெளியே வைத்துவிட்டு மடித்தால் வெடிப்பு குறையும். மடிப்பதற்கு முன் மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் ஸ்கேல் வைத்து ஒரு கோடு அழுத்துங்கள். அந்த அழுத்தத்தில் அட்டையின் உள்ளடுக்குகள் லேசாகப் பிரிந்து, பின்பக்கம் சின்ன மேடு எழும். மேடு உட்பக்கம் வரும்படி மடிக்க வேண்டும். பலர் நேர்மாறாகத்தான் மடிக்கிறார்கள். கோடு போட்டும் வெடிக்கிறதே என்று அட்டையைத் திட்டுகிறார்கள்.

அடுத்து பசை. வெள்ளைப் பசை என்பது நீரில் மிதக்கும் கண்ணுக்குத் தெரியாத பாலிவினைல் அசிடேட் துளிகள். நீர் வெளியேறியதும் துளிகள் நெருங்கி, ஒன்றோடொன்று கலந்து ஒரே படலமாகின்றன. வெந்த இட்லியை மறுபடி மாவாக்க முடியாது, இதுவும் அப்படித்தான். பசை சற்றே கெட்டிப்பட்டிருந்தால் சில சொட்டுத் தண்ணீர் விட்டுக் கலக்கலாம். கட்டி கட்டியாகிவிட்டால் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் பயனில்லை, தூக்கிப் போடுங்கள். வேலம்பிசின் வேறு ஜாதி. அது நீரில் கரைந்திருக்கும் பொருள் என்பதால், காய்ந்து பாளம் பாளமானாலும் ஊறவைத்தால் திரும்பி வரும்.

டேப்பில் ஈரத்தைவிட ஆக்சிஜனின் கைவரிசை அதிகம். ரப்பர் பசை பூசிய டேப்பில் ஆக்சிஜன் நீண்ட சங்கிலிகளை அறுப்பதால் பசை முதலில் இளகும். காகிதத்துக்குள் ஊறி மஞ்சள் கறையாகும். கடைசியில் காய்ந்து பொறுக்காகிவிடும். அக்ரிலிக் பசை பல வருடம் தாங்கும். பழைய டேப் எந்த வகை என்று தெரியாவிட்டால், யாருக்கோ ஆசையாகக் கொடுக்கப்போகும் அட்டையில் ஒட்டாதீர்கள். பூவைத் தூக்கி நிறுத்தும் ஸ்பாஞ்ச் டேப்பைக் கிள்ளிப் பாருங்கள். சில பாலியுரித்தேன் நுரைகளை ஈரமே உள்ளிருந்து சிதைத்துவிடும். கிள்ளியதும் உதிர்ந்தால் குப்பைக்குத்தான்.

இங்க் பேடைத் தூக்கி எறிய அவசரப்படாதீர்கள். காய்ந்த பேடில் போனது பெரும்பாலும் நீர் மட்டுமே, சாயம் பஞ்சிலேயே இருக்கிறது. நீர்வகை மையாக இருந்தால், தண்ணீரில் கொஞ்சம் கிளிசரின் கலந்து சில சொட்டு விட்டு, மூடி, ஒரு நாள் கவிழ்த்து வையுங்கள். கிளிசரின் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்வதால் பேட் மறுபடி சீக்கிரம் காயாது. கரைப்பான் வகை மைக்கு இந்த வைத்தியம் செல்லாது. எழுத்தைப் புடைப்பாக எழுப்பும் எம்பாசிங் பொடியோ சூட்டில் உருகும் பிளாஸ்டிக் துகள்தான். கட்டி தட்டியிருந்தால் உதிர்த்துவிட்டுப் பயன்படுத்தலாம். தங்க நிறப் பொடி பித்தளைத் துகளாக இருந்தால் கறுக்கும்.

மீதி சேதம் ராமபாணப் பூச்சியுடையது. காகிதத்தின் மேற்பரப்பை ஒழுங்கில்லாமல் சுரண்டியிருந்தால் அதுதான். செல்லுலோஸைச் செரிக்கும் நொதி அதன் உடம்பிலேயே உண்டு என்றாலும், மாவுச்சத்து என்றால் அதற்குக் கொள்ளைப் பிரியம். பைண்டிங் செய்பவர்கள் மைதா பசையில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலப்பது இதற்காகத்தான். மயில்துத்தம் விஷம், பிள்ளைகள் கை வைக்கும் அட்டையில் வேண்டவே வேண்டாம். நல்ல காகிதத்தை மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு, சுவரில் ஒட்டாமல் படுக்கை வசமாக வைத்தால் போதும். பசையையும் பேடையும் மட்டும் அந்த டப்பாவில் சேர்க்காதீர்கள். காகிதத்துக்காகப் போட்ட சிலிக்கா ஜெல் அவற்றின் ஈரத்தையும் சேர்த்து உறிஞ்சிவிடும்.