கவுண்டி என்றால் மாவட்டம்தானா?

கலிபோர்னியாவின் சான்டா கிளாரா பக்கம் புதிதாகக் குடிவந்தவர்கள் முதல் வருஷத்துக்குள் எப்படியும் கேட்டுவிடுகிற கேள்வி இது: "கவுண்டி, கவுண்டிங்கறாங்களே, அது நம்ம ஊர் மாவட்டம்தானே?" குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்காக நகராட்சி அலுவலகத்தில் போய் நின்று, "இது இங்கே இல்லை, கவுண்டியில் கேளுங்கள்" என்று கேட்டுக்கொண்டு திரும்பி வந்த அன்றுதான் பெரும்பாலும் இந்தக் கேள்வி பிறக்கும். நானும் பல வருஷம் "ஆமாம், மாவட்டம்தான்" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தப் பதில் பாதிதான் சரி.

சொல் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். லத்தீனில் 'கோமெஸ்' என்றால் கூடவே போகிறவர், அதாவது பேரரசரின் பரிவாரத்தில் இருப்பவர். ரோமப் பேரரசின் பிற்காலத்தில் அதுவே பதவிப் பெயராகிவிட்டது. நமக்கு இது புதிதில்லை, சோழர் கல்வெட்டுகளில் வரும் 'உடன்கூட்டத்து அதிகாரிகள்' என்ற பெயரிலும் இதே எண்ணம்தான் இருக்கிறது: அரசனோடு கூட இருப்பவன், அந்த நெருக்கத்தாலேயே அதிகாரம் பெற்றவன். கோமெஸிலிருந்து 'கோமிடாட்டுஸ்', அதாவது அவருடைய ஆட்சிக்கு உட்பட்ட பகுதி, அது பிரெஞ்சில் தேய்ந்து, 1066-ல் இங்கிலாந்தைப் பிடித்த நார்மன்களோடு கடல் கடந்து வந்து, கடைசியில் கவுண்டி ஆனது. டிக்கெட் கவுண்டருக்கும் இதற்கும் உறவு கிடையாது, அந்தக் கவுண்டர் எண்ணுதல் என்ற பொருள்கொண்ட வேறொரு லத்தீன் வேரில் பிறந்தது.

நார்மன்கள் வருவதற்கு முன்பே இங்கிலாந்தில் இதே நிலப் பிரிவுக்கு 'ஷயர்' என்று பெயர் இருந்தது, யார்க்‌ஷயர் என்ற பெயரில் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறதே, அதுதான். ஷயரில் அரசனுடைய காரியங்களைப் பார்த்த ரீவ் என்னும் அதிகாரி ஷயர்-ரீவ், அது மருவி ஷெரீப். சென்னையில்கூட ஷெரீப் என்று ஒரு கௌரவப் பதவி இருந்தது பழைய ஆட்களுக்கு நினைவிருக்கும். இங்கே கலிபோர்னியாவில் அது வெறும் கௌரவம் இல்லை. ஷெரீப் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் ஆள், நகராட்சி எல்லைக்கு வெளியே உள்ள பகுதிகளுக்குப் போலீஸ் அவர்தான்.

அங்கேதான் மாவட்டம் என்ற மொழிபெயர்ப்பு இடறுகிறது. நம் மாவட்ட ஆட்சியர் அரசு அனுப்பி வைக்கும் அதிகாரி, இன்றைக்கு இங்கே, நாளைக்கு வேறு மாவட்டம். கலெக்டர் என்ற பெயரே வரி வசூலிப்பவர் என்றுதான் சொல்கிறது. மாவட்ட ஊராட்சிக்குத் தேர்தல் நடக்கிறது, ஆனாலும் ஒரு பிரச்சினை என்றால் நாம் மனு எழுதிக்கொண்டு போய் நிற்பது கலெக்டர் ஆபீஸில்தான். சான்டா கிளாரா கவுண்டியில் 15 நகரங்கள், 2020 கணக்கெடுப்பின்படி சுமார் 19 லட்சம் பேர். அதை நடத்துவது தேர்ந்தெடுக்கப்பட்ட ஐந்து பேர் கொண்ட அவை, ஆளுக்கு நான்கு வருஷம் பதவிக்காலம். அவர்கள் கூடிப் பேசப்போவது என்ன என்பதை வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பாகவே வெளியே ஒட்டியாக வேண்டும், அது 1953-ல் வந்த மாநிலச் சட்டம். கூட்டத்தில் யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாம். குடியுரிமை கேட்கமாட்டார்கள், பெயரைக்கூடச் சொல்லியாக வேண்டும் என்பதில்லை, விசாவில் இருப்பவரும் பேசலாம். இது நம்மில் நிறையப் பேருக்குத் தெரியாது என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

அந்த ஐந்து பேரின் பதவிப் பெயர் 'சூப்பர்வைசர்'. அதை மேற்பார்வையாளர் என்று மொழிபெயர்த்தால் கட்டட வேலையில் நிற்கிறவர்தான் மனதில் வருவார். மாவட்ட அவை உறுப்பினர் என்று சொல்லுங்கள், விஷயம் உடனே புரியும்.

சரி, கவுண்டி நம் வாழ்க்கையில் எங்கே வருகிறது? அடுத்த தடவை தோசை சாப்பிடப் போகும்போது ஓட்டல் வாசலை ஒரு நிமிஷம் பாருங்கள். கண்ணாடியில் பச்சை நிறத்தில் ஒரு அட்டை இருக்கும். சமையலறையைச் சோதித்துப் பார்த்து அதை வைப்பது கவுண்டியின் சுகாதாரத் துறை. பச்சை என்றால் தேறியது, மஞ்சள் என்றால் குறை கண்டு நிபந்தனையோடு விட்டிருக்கிறார்கள், சிவப்பு என்றால் கடை மூடல். கல்யாணத்துக்கு லைசென்ஸ், வாக்காளர் பட்டியல், வீட்டுப் பத்திரப் பதிவு எல்லாமே அங்கேதான். வீட்டு வரியும் அப்படித்தான்: முதல் தவணையை டிசம்பர் 10-க்குள்ளும் இரண்டாவதை ஏப்ரல் 10-க்குள்ளும் கட்டவில்லை என்றால் 10 சதவீதம் அபராதம். கொரோனா பரவிய 2020 மார்ச் 16 அன்று சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியின் ஆறு கவுண்டிகள் சேர்ந்து 'வீட்டை விட்டு வராதீர்கள்' என்று உத்தரவு போட்டன. மாநிலம் முழுவதற்கும் ஆளுநர் அதே உத்தரவைப் போட்டது மூன்று நாள் கழித்து. கவுண்டியின் சுகாதார அதிகாரிக்கு அவ்வளவு அதிகாரம் உண்டு என்பது அன்றைக்குத்தான் பலருக்கும் தெரிந்தது.

அமெரிக்காவில் கவுண்டிகள் 3,100-க்கும் மேல். 2020-ல் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் ஒரு கோடிப் பேர், டெக்சாஸின் லவிங் கவுண்டியில் 64 பேர். லூசியானாவில் இதன் பெயர் பாரிஷ், அலாஸ்காவில் பரோ. கனெக்டிகட்டில் கவுண்டி அரசாங்கத்தை 1960-ல் எடுத்தே விட்டார்கள். கென்யாவில் 2010 அரசியல் சட்டம் 47 கவுண்டிகளை உண்டாக்கியது, அங்கே ஒவ்வொன்றுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆளுநரே இருக்கிறார்.

அப்புறம், தமிழில் என்னதான் சொல்வது? மாவட்டம் என்பது மா + வட்டம், பெரிய வட்டம். ஜில்லா என்ற அரபுச் சொல்லின் இடத்துக்கு வந்த நல்ல சொல். சோழர் காலத்துப் பெயர்களில் எனக்குப் பிடித்தது 'நாடு'. அப்போது நாடு என்பது பல ஊர்கள் சேர்ந்த சிறு பகுதி, அதன் காரியங்களைக் கூடிப் பேசித் தீர்த்தவர்கள் நாட்டார். பொருளில் கவுண்டிக்கு இதைவிட நெருங்கிய சொல் தமிழில் இல்லை, ஆனால் இன்றைக்கு 'சான்டா கிளாரா நாடு' என்று எழுதினால் தனி தேசம் என்று ஆகிவிடும். தொண்டை மண்டலத்தின் 'கோட்டம்' இருக்கிறதே என்றால், அதை வருவாய்த் துறையும் மின்வாரியமும் எடுத்துக்கொண்டுவிட்டன. இன்னொரு பழைய சொல் மட்டும் இங்கே அப்படியே பொருந்துகிறது. வர்ஜீனியாவில் 38 நகரங்கள் எந்தக் கவுண்டியிலும் சேராமல் தனித்து நிற்கின்றன. சோழர் ஆட்சியில் நாட்டின் கீழ் வராமல் தனித்து நின்ற பெரிய ஊர்களுக்குத் 'தனியூர்' என்று பெயர். வர்ஜீனியாவின் அந்த நகரங்களைத் தயங்காமல் தனியூர் என்றே எழுதலாம்.

கவுண்டிக்கு என் தேர்வு மாவட்டம்தான், கூடவே 'மாவட்ட அவை', 'மாவட்ட அரசு' என்று அடையாளம் தெரிகிற மாதிரி எழுத வேண்டும். ஊரிலிருந்து அப்பா அம்மா கேட்டால் "நாங்களே ஓட்டுப் போட்டு நடத்துகிற மாவட்டம்" என்று சொல்கிறேன், உடனே புரிந்துகொள்கிறார்கள். படிவத்திலும் முகவரியிலும் மட்டும் கவுண்டி என்றே இருக்கட்டும், பிறப்புச் சான்றிதழுக்கு எந்தக் கட்டடத்துக்குப் போவது என்று வழி கேட்கும்போது அந்தப் பெயர்தானே கைகொடுக்கும்.