பழைய அமெரிக்கக் காரைத் தொடாமல் படம் எடுங்கள்

1950களின் அமெரிக்கக் கார்களைக் கலைப்படங்களாக எடுக்க வேண்டும் என்று வருகிறவர்கள் முதலில் கேட்பது கேமராவையும் லென்ஸையும் பற்றித்தான். நான் முதலில் பார்ப்பது அவர்கள் விரலில் மோதிரம் இருக்கிறதா, பெல்ட் பக்கிள் வெளியே துருத்துகிறதா, கேமரா வார் கழுத்திலிருந்து தொங்குகிறதா என்பதை. அறுபது எழுபது வருஷம் பொத்திக் காத்த காரில் கோடு விழ, ஒருவர் படம் எடுக்கக் குனியும் நேரம் போதும்.

1957 செவ்ரோலே பெல் ஏர் காரை எடுத்துக்கொள்வோம். பின்பக்கத் துடுப்புக்கு, அதாவது மீன் துடுப்பு போல மேலே எழும் விளிம்புக்குக் கீழே, பக்கவாட்டில் வெள்ளி நிறத்தில் ஒரு வரித்தகடு பதித்திருக்கும். குரோம் என்று நினைத்துத் துணியை எடுத்துக்கொண்டு தேய்க்கப் போகிறவர்கள் உண்டு. அது மெல்லிய அலுமினியம், சுலபமாக நசுங்கும். முன்கிரில்லின் பொன்னிறமும் பெயின்ட் இல்லை, அனோடைஸ் செய்த, அதாவது மின்வேதி முறையில் மேலே மெல்லிய ஆக்சைடு படலம் ஏற்றிய அலுமினியத்தின் நிறம். மெட்டல் பாலிஷ் போட்டால் அந்தப் பொன்னிறம் போய்விடும். திரும்பக் கொண்டுவர கிரில்லைக் கழற்றி மறுபடி அனோடைஸ் செய்ய வேண்டும்.

கம்பெனி பெயின்ட் அப்படியே இருக்கும் கார் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். இன்றைய கார்களில் நிறத்துக்கு மேலே இருக்கும் கிளியர் கோட் என்ற நிறமற்ற பூச்சு அப்போது கிடையாது. உலர்ந்த துணியால் தூசியைத் துடைத்தால் மண் துகள் நேராக நிறத்தின் மேலேயே உரசும். சாய்வான வெளிச்சத்தில் அது வட்டவட்டமான கீறலாகத் தெரியும். தூசியைக் காரின் சொந்தக்காரர் துடைக்கட்டும், எந்தத் துணி, எந்தத் திரவம் என்று அவருக்குத்தான் தெரியும். மிச்சத் தூசியை ஃபோட்டோஷாப்பில் எடுத்துவிடலாம்.

சரி, தொடாமல் எப்படி அழகாக்குவது? இங்கேதான் இந்தக் கலையின் சாரமே இருக்கிறது. பளபளக்கும் காரைப் படம் எடுக்கும்போது நாம் எடுப்பது அதில் தெரியும் பிரதிபலிப்பைத்தான். ஜெனரல் மோட்டார்ஸின் டிசைன் பிரிவை ஹார்லி ஏர்ல் நடத்திய காலத்தில், பி-38 போர் விமானத்தின் வாலைப் பார்த்து 1948 காடிலாக்கில் சின்னதாக ஒரு துடுப்பு முளைத்தது. 1959 காடிலாக்கில் அது உச்சத்துக்குப் போனது. அந்தத் துடுப்பின் கத்தி போன்ற விளிம்பு எப்படித் தெரிகிறது? மேல்பரப்பில் வானத்தின் வெளிச்சம் விழ, பக்கவாட்டில் இருட்டு நிற்க, இரண்டும் சந்திக்கும் இடம் கோடாகிறது. வானத்தை மறைத்து ஒரு மரக்கிளை வந்தால் கோடு உடைந்துவிடும். அதனால் காரை நிறுத்தும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே பாதிப் படம் முடிந்துவிடுகிறது. எதிர்ப்பக்கம் மரமோ கட்டடமோ இல்லாத திறந்தவெளி, சூரியன் மறைந்த பிறகு கொஞ்ச நேரம் நிற்கும் அந்த மெல்லிய வெளிச்சம்: இவை கிடைத்தால் விளக்கே வேண்டாம்.

வைட் லென்ஸோடு பக்கத்தில் போகாதீர்கள். காரின் மூக்கு வீங்கும், துடுப்பு சுருங்கும், வீல்கேப்பின் குமிழில் நீங்களே பெரிதாக நிற்பீர்கள். 85 மில்லிமீட்டருக்கு மேல் போட்டுத் தள்ளி நின்றால் காரின் அளவுகள் சரியாக வரும், கீறல் பயமும் இல்லை. உங்கள் உருவம் காரில் பளிச்சென்று தெரியாமலிருக்கக் கறுப்புச் சட்டை உதவும்.

லென்ஸின் முன்னால் மாட்டித் திருப்பும் போலரைசர் ஃபில்டர் பற்றியும் சொல்ல வேண்டும். பெயின்டிலும் கண்ணாடியிலும் தெரியும் பளபளப்பை அது குறைக்கும். உலோகத்தில் பட்டுத் திரும்பும் ஒளி அதேபோல முனைவாக்கம் அடைவதில்லை (ஒளி அலை ஒரே திசையில் அதிர்வதுதான் முனைவாக்கம்) என்பதால் குரோம் பம்பரில் பெரிதாக ஒன்றும் நடக்காது. அதைவிட முக்கியம், ஃபில்டரை முழுசாகத் திருப்பிப் பெயின்டின் பிரதிபலிப்பை எல்லாம் அழித்துவிட்டால் உடலின் வளைவும் கூடவே போய்விடும். கண்ணாடிக்குத் தேவையான அளவு திருப்பி அதோடு நிறுத்துங்கள்.

இனி உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். இருட்டான கராஜில் டிரைபாட் போட்டு, எல்இடி குழலைக் காருக்கு மேலே நகர்த்தி, பகுதி பகுதியாக எக்ஸ்போஷர் எடுத்துச் சேர்ப்பது இப்போது பலருக்கும் பிடித்த முறை. முகப்பு விளக்கும் எரிய வேண்டும் என்பார்கள். பாட்டரி இறங்கிவிடும் என்று சொந்தக்காரர் எஞ்சினை ஓடவிடுவார். தயவுசெய்து தடுத்துவிடுங்கள். அமெரிக்கக் கார்களில், புகையின் நச்சைக் குறைக்கும் கேடலிடிக் கன்வர்ட்டர் பரவலாக வந்ததே 1975 மாடல்களில்தான். அதற்கு முந்தைய கார்பரேட்டர் எஞ்சின் வெளிவிடும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. கராஜ் கதவைத் திறந்து வைத்தாலும் அது உள்ளே தேங்கும். தலைவலி, தலைசுற்றல், குமட்டல் வந்தால் வேலைக் களைப்பு என்று உட்காராமல் எல்லாரும் உடனே வெளியே போய்விட வேண்டும், அப்புறம் அவசர உதவியைக் கூப்பிட வேண்டும்.

எஞ்சின் ஓட வேண்டிய அவசியமே இல்லை. மற்ற எக்ஸ்போஷர்களை விளக்கு அணைந்த நிலையிலேயே எடுத்து முடித்துவிட்டு, கடைசியில் சில விநாடி மட்டும் முகப்பு விளக்கைப் போட்டு ஒரு படம் எடுத்துச் சேர்த்தால் போதும். அதற்குப் பாட்டரி தாங்கும்.

காரின் தலைக்கு மேலே விளக்கைப் பூம் எனும் நீட்டுக்கம்பியில் தொங்கவிட்டால் ஸ்டாண்டுக்கு மணல் மூட்டையும் விளக்குக்குத் தனிப் பாதுகாப்புக் கம்பியும் கட்டாயம். புகை மெஷின் வேண்டும் என்று யாராவது கேட்டால் நான் ஒத்துக்கொள்வதில்லை. அதன் பிசுக்கு குரோமிலும் சீட்டிலும் படியும், பிறகு அதைத் துடைக்கப் போய்த்தான் கீறல் விழும்.

கதவு, பானட், டிரங்க் எதைத் திறப்பதானாலும் சொந்தக்காரரே திறக்கட்டும். பெல் ஏரில் பெட்ரோல் ஊற்றும் வாய் இடது துடுப்பின் பின்விளிம்பில், குரோம் பட்டைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். பார்த்தவுடன் திறந்து படம் எடுக்கக் கை துறுதுறுக்கும், அவ்வளவு நேர்த்தியான வேலை. அவரைத் திறக்கச் சொல்லுங்கள், சூடாகும் விளக்கை அந்தப் பக்கத்திலிருந்து அப்புறப்படுத்துங்கள், படம் எடுத்தவுடன் மூடச் சொல்லுங்கள்.