சங்கிலியில் தொலைவு, வெளியில் நெருக்கம்: புரதத்துக்குள் எச்சங்களின் தொடுகையைக் கணக்கெடுத்தல்

கைமோட்ரிப்சின் என்பது உணவிலுள்ள புரதத்தைச் சிறுகுடலில் துண்டாக்கும் நொதி. அதன் வெட்டும் வேலையை மூன்று அமினோ அமிலங்கள் சேர்ந்து செய்கின்றன: 57ஆம் இடத்திலுள்ள ஹிஸ்டிடின், 102ஆம் இடத்திலுள்ள ஆஸ்பார்டிக் அமிலம், 195ஆம் இடத்திலுள்ள செரின். நொதியாக மாறுவதற்கு முன்பிருந்த, 245 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலியில் அவை நிற்கும் வரிசையையே இந்த எண்கள் குறிக்கின்றன. அந்தச் சங்கிலியை முழுவதும் நீட்டி வைத்தால் ஹிஸ்டிடினுக்கும் செரினுக்கும் இடையில் ஏறத்தாழ 480 ஆங்ஸ்ட்ராம் தொலைவு இருக்கும் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு). மடிந்த புரதத்திலோ ஹிஸ்டிடினின் நைட்ரஜன் அணுவும் செரினின் ஆக்சிஜன் அணுவும் சுமார் 3 ஆங்ஸ்ட்ராம் இடைவெளியில் எதிரெதிரே நிற்கின்றன. சங்கிலியில் விலகியிருப்பவை முப்பரிமாண வெளியில் நெருங்கி வருவதால்தான் இந்த நொதிக்கு வேலை செய்யும் இடமே உருவாகிறது. அப்படி எவை எவற்றோடு நெருங்கின என்று கணக்கெடுப்பது தொடுகைப் பகுப்பாய்வு.

அமினோ அமிலங்கள் ஒன்றோடொன்று பிணையும்போது நீர் மூலக்கூறு ஒன்று வெளியேறுகிறது. சங்கிலியில் எஞ்சி நிற்கும் பகுதியை எச்சம் என்பார்கள். புரதக் கட்டமைப்புகள் புரதத் தரவு வங்கியில் சேமிக்கப்படுகின்றன. 1971இல் வெறும் 7 கட்டமைப்புகளோடு தொடங்கிய அந்த வங்கியில் இன்று இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவை உள்ளன. அங்கிருந்து எடுக்கும் கோப்பில் முதன்மையாக இருப்பது ஒவ்வோர் அணுவும் நிற்கும் இடத்தின் மூன்று ஆயத்தொலைவுகளே. இந்த எச்சம் அந்த எச்சத்தைத் தொடுகிறது என்று அது பெரும்பாலும் சொல்வதில்லை. எவ்வளவு நெருங்கினால் தொடுகை என்பதை ஆய்வாளர்தான் வரையறுக்க வேண்டும். பகுப்பாய்வின் தரம் பெரும்பாலும் இந்த முதல் முடிவிலேயே தீர்மானமாகிவிடுகிறது என்பது என் கருத்து.

மிக எளிய வரையறை, ஒவ்வோர் எச்சத்துக்கும் அதன் ஆல்ஃபா கார்பன் அணுவை (முதன்மைச் சங்கிலியில் எச்சத்தின் மையமாக இருக்கும் கார்பன்) மட்டும் பிரதிநிதியாகக் கொள்வது. அடுத்தடுத்த எச்சங்களின் ஆல்ஃபா கார்பன்கள் பெரும்பாலும் சுமார் 3.8 ஆங்ஸ்ட்ராம் இடைவெளியில் இருப்பதால் அவற்றை விட்டுவிட்டு, மற்ற இணைகளில் 7 அல்லது 8 ஆங்ஸ்ட்ராமுக்குள் வருபவற்றைத் தொடுகை என்று எண்ணுகிறார்கள். கணக்கு விரைவாக முடியும். ஆனால் இரண்டு வகையில் தவறும். லைசின் என்ற அமினோ அமிலத்தின் பக்கச் சங்கிலி (ஆல்ஃபா கார்பனிலிருந்து கிளைக்கும், ஒவ்வோர் அமினோ அமிலத்துக்கும் தனியான பகுதி) நீளமானது. அதன் முனையிலுள்ள நைட்ரஜன், ஆல்ஃபா கார்பனிலிருந்து 6 ஆங்ஸ்ட்ராமுக்கு மேல் எட்டக்கூடியது. ஆகவே லைசினும் குளூட்டாமிக் அமிலமும் எதிரெதிர் மின்சுமையால் முனையோடு முனை சேர்ந்து உறுதியான உப்புப் பாலம் அமைத்திருந்தாலும், அவற்றின் ஆல்ஃபா கார்பன்கள் 10 ஆங்ஸ்ட்ராமுக்கு அப்பால் இருந்தால் கணக்கில் அது விடுபட்டுப்போகும். மறுபுறம், பீட்டா தகட்டின் (சங்கிலியின் நீண்ட இழைகள் பக்கம்பக்கமாகச் சேர்ந்த அமைப்பு) அண்டை இழைகளில் மூலைவாட்டில் அமைந்த இரண்டு எச்சங்கள் சுமார் 6 ஆங்ஸ்ட்ராம் தொலைவில் இருக்கும். ஒன்றின் பக்கச் சங்கிலி தகட்டின் மேற்புறமும் மற்றொன்றினுடையது கீழ்ப்புறமும் நீண்டு ஒன்றையொன்று சந்திக்காமலேயே இருந்தாலும் கணக்கு அவற்றைத் தொடுகை என்றே பதிவுசெய்யும். பக்கச் சங்கிலி எந்தத் திசையில் நீள்கிறது என்பதை ஓரளவு காட்டும், அதன் முதல் கார்பனான பீட்டா கார்பனைப் பிரதிநிதியாகக் கொள்ளும் வழக்கம் இதனால்தான் வந்தது. பீட்டா கார்பன் இல்லாத கிளைசினுக்கு மட்டும் ஆல்ஃபா கார்பனையே எடுத்துக்கொள்கிறார்கள்.

இன்னும் நுட்பமான வழி, ஹைட்ரஜன் நீங்கலான எல்லா அணுக்களையும் பார்த்து, ஓர் எச்சத்தின் ஏதேனும் ஓர் அணு மற்றதன் ஏதேனும் ஓர் அணுவுக்கு 4.5 அல்லது 5 ஆங்ஸ்ட்ராமுக்குள் வருகிறதா என்று சோதிப்பது. இந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. கார்பன் அணுவின் வாண்டர் வால்ஸ் ஆரம் (பிணைப்பில்லாத அணுக்கள் நெருங்கும்போது ஓர் அணு பிடித்துக்கொள்ளும் இடத்தின் ஆரம்) 1.7 ஆங்ஸ்ட்ராம், ஆகவே பிணைப்பில்லாத இரண்டு கார்பன்கள் சரியாகத் தொட்டு நிற்கும் தொலைவு 3.4. நீர் மூலக்கூறின் விட்டம் சுமார் 2.8 என்பதால், அவற்றுக்கு நடுவே நீர் நுழைய வேண்டுமானால் தொலைவு 6.2 ஆக வேண்டும். 5 ஆங்ஸ்ட்ராமுக்குள் இருக்கும் இரண்டு கார்பன்களுக்கு நேர் நடுவில் நீருக்கு இடமில்லை; அவை உண்மையாகவே அண்டை அணுக்கள். எதிர்த் திசையிலிருந்தும் இதே கேள்வியைக் கேட்கலாம்: எவ்வளவு நெருங்கினால் அது நடக்கவே இயலாத நெருக்கம்? 1963இல் ஜி.என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோர் வெளியிட்ட புகழ்பெற்ற வரைபடம் அந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததுதான். பிணைப்பில்லாத இரண்டு கார்பன்களுக்கு இயல்பான எல்லையாக 3.2 ஆங்ஸ்ட்ராமும், கடைசி எல்லையாக 3.0 ஆங்ஸ்ட்ராமும் வைத்து, அணுக்கள் மோதாமல் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்ப முடியும் என்று அவர்கள் கணக்கிட்டார்கள்.

வரையறை முடிவானதும், எச்சங்களை இரண்டு அச்சுகளிலும் வரிசையாக எழுதி, தொடும் இணைகளுக்குப் புள்ளி வைத்தால் தொடுகை வரைபடம் கிடைக்கிறது. பழகிய கண்ணுக்கு அது புரதத்தின் கைரேகை. சங்கிலி திருகுபோலச் சுற்றிக்கொள்ளும் ஆல்ஃபா சுருளில் ஒரு சுற்றுக்கு 3.6 எச்சங்கள் இருப்பதால் ஒவ்வோர் எச்சமும் தனக்கு அடுத்த மூன்றாவதையும் நான்காவதையும் தொடுகிறது. எனவே சுருள், மூலைவிட்டத்தை ஒட்டிய தடித்த பட்டையாகத் தெரியும். இணையாக ஓடும் இரண்டு பீட்டா இழைகள் மூலைவிட்டத்துக்கு இணையான கோடாகவும், எதிரெதிராக ஓடுபவை அதற்குச் செங்குத்தான கோடாகவும் விழும். மூலக்கூறை எப்படித் திருப்பி வைத்தாலும் இந்த வரைபடம் மாறாது என்பதால் இரண்டு புரதங்களை ஒப்பிட இது மிகவும் வசதியானது. ஒன்றை மட்டும் இது மறைத்துவிடும்: புரதத்துக்கும் அதன் கண்ணாடிப் பிம்பத்துக்கும் வரைபடம் ஒன்றேதான். தொலைவுகள் அப்படியே இருப்பதால், சுருள் வலமாகச் சுற்றுகிறதா இடமாகவா என்பதை வேறு வழியில்தான் அறிய வேண்டும்.

தொடுகையின் வகையையும் பிரித்தறிய வேண்டியிருக்கிறது. எதிரெதிர் மின்சுமையுள்ள பக்கச் சங்கிலிகளின் நைட்ரஜனும் ஆக்சிஜனும் 4 ஆங்ஸ்ட்ராமுக்குள் வந்தால் உப்புப் பாலம். இரண்டு சிஸ்டீன்களின் கந்தக அணுக்கள் சுமார் 2.05 ஆங்ஸ்ட்ராமில் இருந்தால் டைசல்ஃபைடு பிணைப்பு. ஹைட்ரஜன் பிணைப்புக்குத் தொலைவோடு கோணமும் பார்க்கப்படும். இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். எக்ஸ்-கதிர் படிகவியலில் வழக்கமாகக் கிடைக்கும் தெளிவில் நைட்ரஜனையும் ஆக்சிஜனையும் பிரித்தறிவது கடினம். ஆஸ்பரஜின், குளூட்டமின் ஆகியவற்றின் பக்கச் சங்கிலி முனையில் இவ்விரண்டும் அருகருகே இருப்பதால், அந்த முனை 180 பாகை தவறாகத் திருப்பி வைக்கப்பட்ட கட்டமைப்புகள் உண்டு. அவற்றைத் திருத்தாமல் ஹைட்ரஜன் பிணைப்புகளை எண்ணினால் இல்லாதது இருப்பதாகவும் இருப்பது இல்லாததாகவும் பட்டியலில் ஏறும்.

ஒரு தொடுகையின் மதிப்பு, அது இழக்கப்படும்போது நன்றாகத் தெரிகிறது. பாக்டீரியாவைத் தாக்கும் டி4 என்ற வைரஸின் லைசோசைம் நொதி 164 எச்சங்கள் கொண்டது. அதன் உட்பகுதியில் 99ஆம் இடத்திலுள்ள லியூசினை எடுத்துவிட்டுச் சிறிய அலனினை வைத்தபோது, சுற்றியிருந்த எச்சங்களோடு லியூசின் கொண்டிருந்த தொடுகைகள் போய் அங்கே ஒரு வெற்றிடம் உண்டானது. புரதத்தின் உறுதி மோலுக்கு ஏறத்தாழ 5 கிலோகலோரி குறைந்தது. அந்த வெற்றிடத்துக்குள் பென்சீன் மூலக்கூறு ஒன்று முழுதாகப் போய் அமர முடிந்தது. இதற்கு நேர்மாறாக, இருக்கக் கூடாத தொடுகை புதிதாக உருவாகும்போது நேர்வதை அரிவாள் உயிரணு நோயில் காண்கிறோம். ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் 6ஆம் இடத்துக் குளூட்டாமிக் அமிலம் வேலினாக மாறுகிறது. ஆக்சிஜனை இழந்த நிலையில் அந்த வேலின், அண்டை மூலக்கூறில் 85ஆம் ஃபினைல்அலனினும் 88ஆம் லியூசினும் அமைக்கும் நீர்விலக்கும் குழியில் பொருந்திக்கொள்கிறது. அப்படியே ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து நீண்ட இழைகள் உருவாகின்றன, சிவப்பணு உருக்குலைகிறது.

புரதம் எவ்வளவு வேகமாக மடியும் என்பதையும் தொடுகைகள் ஓரளவு சொல்லிவிடுகின்றன. தொடும் எச்சங்கள் சங்கிலியில் சராசரியாக எவ்வளவு விலகியிருக்கின்றன என்ற அளவு கூடக்கூட, சிறிய புரதங்கள் மடியும் வேகம் குறைகிறது என்று 1998இல் பிளாக்ஸ்கோ, சைமன்ஸ், பேக்கர் ஆகியோர் காட்டினார்கள். 2001இல் குரோமிகாவும் செல்வராஜும், சங்கிலியில் 12 இடங்களுக்கு மேல் விலகி, வெளியில் 8 ஆங்ஸ்ட்ராமுக்குள் நெருங்கிய இணைகளை மட்டும் எண்ணி, அந்த எண்ணிக்கையை எச்சங்களின் மொத்த எண்ணிக்கையால் வகுத்துக் கிடைக்கும் அளவைக் கொண்டு மடியும் வேகத்தைக் கணிக்கும் வழியை முன்வைத்தார்கள். வெகு தொலைவிலிருந்து வர வேண்டிய இரண்டு எச்சங்கள் ஒன்றையொன்று கண்டடைய நேரம் பிடிக்கும் என்பதை எண்ணிப்பார்த்தால் இது வியப்பானதல்ல. ஆயினும் இவ்வளவு எளிய எண்ணிக்கை அதைப் பிடித்துவிடுவது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

கட்டமைப்பே தெரியாத புரதத்திலும் தொடுகைகளை ஊகிக்க முடியும். ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஆயிரக்கணக்கான புரதங்களின் அமினோ அமில வரிசைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிப் பார்த்தால், சில இரண்டு இடங்கள் சேர்ந்தே மாறியிருப்பது தெரியும். ஓரிடத்தில் பெரிய எச்சம் வந்தால் அதைத் தொடும் இடத்தில் சிறியது வந்து ஈடுகட்டியிருக்கும். சிக்கல் என்னவென்றால், முதலாவது இரண்டாவதைத் தொட்டு, இரண்டாவது மூன்றாவதைத் தொட்டால், நேரடித் தொடுகை இல்லாத முதலாவதும் மூன்றாவதும்கூடச் சேர்ந்து மாறியதாகத் தோன்றும். நேரடி உறவையும் வழிவந்த உறவையும் பிரிக்கும் புள்ளியியல் முறைகள் 2009 முதல் 2011 வரையான ஆண்டுகளில் வந்த பிறகே இந்த வழி நம்பத்தக்கதானது. 2018இல், புரதக் கட்டமைப்பைக் கணிக்கும் செயற்கை நுண்ணறிவு நிரலான ஆல்ஃபாஃபோல்டின் முதல் வடிவம், தொடுகை உண்டா இல்லையா என்று கேட்பதை விட்டுவிட்டு, 2 முதல் 22 ஆங்ஸ்ட்ராம் வரையுள்ள தொலைவை 64 பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வோர் இணைக்கும் ஒவ்வொரு பகுதியிலும் எவ்வளவு வாய்ப்பு என்று கணித்தது. 7.9 ஆங்ஸ்ட்ராம் தொடுகை, 8.1 தொடுகையில்லை என்று கத்தி போட்டு அறுக்க வேண்டிய கட்டாயம் அங்கே நீங்கியது.

வரிசைகளிலிருந்து கணித்த தொடுகைகளில் சில, சோதனையில் கண்ட கட்டமைப்பில் 20, 30 ஆங்ஸ்ட்ராம் விலகி நிற்பதுண்டு. உடனே அவற்றைப் பிழை என்று தள்ளிவிடக் கூடாது. அந்தப் புரதம் தன்னைப் போன்ற இன்னொரு பிரதியோடு சேர்ந்து இயங்குவதாக இருந்தால், அந்த இணையில் ஓர் எச்சம் ஒரு பிரதியிலும் மற்றது அடுத்த பிரதியிலும் இருந்துகொண்டு தொட்டிருக்கக்கூடும். முதலில், தரவு வங்கிக் கோப்பில் படிகத்தின் மிகச் சிறிய அலகு மட்டும் இருக்கிறதா, செல்லுக்குள் இயங்கும் முழுத்தொகுதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு இரண்டு பிரதிகளையும் அருகருகே வைத்து அதே இணையின் தொலைவை மீண்டும் அளக்க வேண்டும்.