வினைல் விரிப்புக்கு அடியில் இருக்கும் தரை

பழைய சிமென்ட் தரையைப் பெருக்கித் துடைத்து, அதன்மேல் வினைல் ஷீட்டை விரித்த அன்று எங்கள் அடுப்படி புதிதாகக் கட்டியது போல இருந்தது. மூன்றாவது மாதம் ஒரு மாலையில் மேற்கு ஜன்னல் வழியே வெயில் சாய்வாக விழுந்தபோது பார்த்தால், தரை முழுக்க அலை. அம்மி கிடந்த இடத்துக் குழி, பழைய விரிசல், துடைப்பத்துக்குத் தப்பிய இரண்டு மணல் பருக்கைகள், எல்லாம் மேலே தெரிந்தன. ஷீட்டில் ஒரு குறையும் இல்லை. தரையைத் தயார் செய்யாமல் விரித்தது என் தவறு.

வினைல் ஷீட் என்பது பிவிசி. தண்ணீர்க் குழாயும் அதே பிளாஸ்டிக்தான். குழாய் விறைத்து நிற்கிறது, ஷீட் பாயைப் போலச் சுருள்கிறது. ஷீட்டில் நீளமான பிவிசி சங்கிலிகளுக்கு நடுவே எண்ணெய் போன்ற மென்மையூட்டி ஒன்றைக் கலந்திருக்கிறார்கள். அதனால் சங்கிலிகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்க முடிகிறது. கனமோ பெரும்பாலும் 1 முதல் 3 மில்லிமீட்டர்தான். நாம் நடக்கும்போதும் கேஸ் சிலிண்டரை நகர்த்தும்போதும் அந்தச் சங்கிலிகள் துளித்துளியாக இடம் மாறுகின்றன, முழுதாகத் திரும்பி வருவதில்லை. நாளடைவில் ஷீட் அடித்தரையின் அச்சாகவே ஆகிவிடும். வெயில் காலத்தில் இன்னும் சீக்கிரம்.

பளபளப்பு அதைப் பெரிதாக்கிக் காட்டுகிறது. கண்ணாடியை ஒரு டிகிரி சாய்த்தால், அதில் பட்டுத் திரும்பும் ஒளி இரண்டு டிகிரி விலகும். சொரசொரப்பான சிமென்ட் தரையில் ஒளி நாலாபக்கமும் சிதறுவதால் அதே குழி இத்தனை நாள் கண்ணில் படவில்லை. ஆகவே ஷீட் வாங்குவதற்கு முன்பே, இரவில் விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைத் தரையிலேயே படுக்கவைத்து அடித்துப் பாருங்கள். ஒவ்வொரு மேட்டுக்குப் பின்னாலும் நிழல் நீளும். சாக்பீஸால் வட்டமிட்டுக்கொள்ளலாம்.

அப்புறம் நேரான அலுமினியச் சட்டம் ஒன்றைத் தரையில் வைத்து, அடியில் எங்கே வெளிச்சம் கசிகிறது என்று பார்க்க வேண்டும். 10 அடி நீளத்துக்கு 3/16 அங்குலம், அதாவது ஏறத்தாழ 5 மி.மீ. வரை பள்ளம் இருக்கலாம் என்பது அமெரிக்காவில் பரவலாகச் சொல்லப்படும் அளவு. மெதுவாக இறங்கி ஏறும் பள்ளத்துக்குத்தான் இது பொருந்தும். உள்ளங்கை அகலத்துக்குள் திடீரென்று எழும் 1 மி.மீ. மேடு அதைவிட மோசமாகத் தெரியும். அதைத் தேய்த்தே எடுக்க வேண்டும்.

இங்கே ஒரு குழப்பம் வருகிறது. ரசமட்டத்தின் குமிழி நடுவில் நிற்க வேண்டும் என்று வினைல் கேட்பதில்லை. தரை மேடுபள்ளம் இல்லாமல் இருந்தால் அதற்குப் போதும், ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கலாம். நம் பழைய வீடுகளில் கழுவிவிட்ட தண்ணீர் ஓடுவதற்காகத் தரையைச் சரித்தே போட்டிருப்பார்கள். 10 அடிக்கு ஓர் அங்குலம் சரிவுள்ள 10க்கு 10 அறையை மட்டமாக்க ஏறத்தாழ 200 கிலோ சமன்படுத்தும் கலவைப் பொடி வேண்டும். வீண் செலவு. குழிகளை மட்டும் ஒட்டுப்போட்டு, சரிவை அப்படியே விட்டுவிடுவதுதான் சரி.

பள்ளங்கள் அறை முழுக்கப் பரவியிருந்தால் மட்டும் தானே சமனாகும் கலவையை ஊற்றலாம். அது வேலை செய்யும் விதம் எனக்கு மிகவும் பிடித்தது. கரணையில் அள்ளிய சாந்து குவியலாக நிற்கும். இந்தக் கலவை நிற்காது. அதில் 1 மி.மீ. உயர வேறுபாடு தரும் அழுத்தம் சுமார் 20 பாஸ்கல். ஏ4 தாள் 25 அடுக்கினால் வரும் அழுத்தம் அவ்வளவுதான். அந்தச் சின்ன உந்துதலுக்கே கலவை அசைந்துகொடுக்க வேண்டும்.

சாதாரண சிமென்டில் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்துக் கொத்தாகி, நடுவே தண்ணீரைச் சிறைப்பிடித்துவிடும். இந்தக் கலவையில் உள்ள பாலிகார்பாக்சிலேட் மூலக்கூறுகள் ஒவ்வொரு துகளின் மேலும் ஒட்டிக்கொண்டு, ரம்புட்டான் பழத்தின் முடி போலக் கிளைகளை வெளியே நீட்டுகின்றன. துகள்கள் நெருங்க முடியாமல் விலகுகின்றன. சிறைப்பட்ட தண்ணீர் வெளியே வந்து ஓட்டம் தருகிறது. கூடவே செல்லுலோஸ் சார்ந்த ஒரு பொருள், மணல் அடியில் தங்கிவிடாமல் தாங்கிப் பிடிக்கிறது.

"இன்னும் ஒரு சொம்பு தண்ணி ஊத்துங்க சார், நல்லா ஓடும்" என்றார் எங்கள் மேஸ்திரி. ஓடும்தான். ஆனால் நீர்த்துப்போன தோசை மாவு போல மணல் கீழே இறங்கி, சிமென்ட் பால் மேலே மிதக்கும். காய்ந்ததும் அந்த மேல்தோல் சுண்ணாம்புப் பொடியாக உதிரும்; ஷீட்டை ஒட்டும் பசை அதைப் பிடித்துக்கொண்டு தோலோடு பெயர்ந்து வரும். பையில் அச்சிட்டிருக்கும் அளவுக்கு மேல் ஒரு சொட்டும் கூடாது.

சீக்கிரம் காய்வதற்கும் காரணம் உண்டு. கலவையின் அலுமினேட் சிமென்டும் கால்சியம் சல்பேட்டும் சேர்ந்து எட்ரிங்கைட் என்ற ஊசிப் படிகங்களாகின்றன. அந்தப் படிகத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். ஈரம் ஆவியாகும்வரை காத்திராமல் படிகத்துக்குள்ளேயே பூட்டப்படுவதால் சில மணி நேரத்தில் மேலே நடக்கலாம். சாதாரண கான்கிரீட் ஓர் அங்குலம் காய ஒரு மாதம் ஆகும் என்பார்கள்.

கலவையை ஊற்றுவதற்கு முன் பிரைமர் என்ற அடிப்பூச்சை அடிக்காவிட்டால், காய்ந்த தரை கலவையின் தண்ணீரை உறிஞ்சிவிடும். நுண்துளைகளில் இருந்த காற்று குமிழிகளாக மேலே வந்து ஊசித்துளைகளை விட்டுப்போகும்.

இவ்வளவும் செய்து ஓதத்தை மறந்தால் எல்லாம் போச்சு. அடியில் பாலிதீன் தாள் போடாத கீழ்த்தளத் தரையில், திரியில் எண்ணெய் ஏறுவது போல மண்ணின் ஈரம் ஏறிக்கொண்டே இருக்கும். திறந்த தரையில் அது ஆவியாகிப் போய்விடும். வினைல் மூடியதும் ஈரம் தேங்கி, சிமென்டின் காரத்தைக் கரைத்துக்கொண்டு பசையைச் சிதைக்கிறது. ஒன்றரை அடிச் சதுரமான பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் டேப் ஒட்டி 16 மணி நேரம் விட்டு, பிறகு தூக்கிப் பாருங்கள்.

எங்கள் அடுப்படியில் நான்கு இடத்தில் இப்படித் தாள் ஒட்டியதில் மூன்று இடம் காய்ந்திருந்தது. தொட்டி மூலையில் மட்டும் தாளுக்குள் முத்து முத்தாகத் துளிகள். தரைக்கடியில் கழிவுநீர்க் குழாயின் இணைப்பு கசிந்துகொண்டிருந்தது. அதை மாற்றி, ஐந்து வாரம் காயவிட்டு, மறுபடி தாள் ஒட்டிப் பார்த்த பிறகுதான் பிரைமர் டப்பாவைத் திறந்தோம்.