இரண்டரை நிமிடம், முப்பது மில்லிமீட்டர்

அமெரிக்காவின் மோட்டவுன் நிறுவனம் 1965 வாக்கில் வெளியிட்ட ஒரு சிங்கிளை, அதாவது பக்கத்துக்கு ஒரு பாட்டு கொண்ட சிறிய இசைத்தட்டை, ஓட்டுங்கள். பிறகு வால்யூமைத் தொடாமல், அதே பாட்டைப் பிற்காலத் தொகுப்பு எல்பி (பல பாட்டுகள் கொண்ட பெரிய தட்டு) ஒன்றில் கேளுங்கள். சிங்கிளில் பேஸ் கிட்டார் நெஞ்சில் இடிக்கும், டாம்பரீன் காதோரம் வந்து குலுங்கும். எல்பியில் அதே ஆட்கள் இரண்டடி பின்னால் போய் நின்று வாசிப்பதுபோல் இருக்கும். பழசு மேல் உள்ள பாசம் என்று இதைத் தள்ளிவிடுவது எளிது. ஆனால் இதில் பெரும்பங்கு வடிவியல்.

ஆர்சிஏ விக்டர் நிறுவனம் 1949இல் அறிமுகம் செய்த, நிமிடத்துக்கு 45 முறை சுற்றும் தட்டின் அகலம் ஏழு அங்குலம். சிங்கிள்கள் வந்தது இதில்தான். அதில் பாட்டு பதிகிற பகுதி ஏறத்தாழ 168 மி.மீ. விட்டத்தில் தொடங்கி, 108 மி.மீ. விட்டத்துக்குள் முடிந்தாக வேண்டும். ஆரமாகப் பார்த்தால் வெறும் 30 மி.மீ. கட்டைவிரல் அகலத்தைவிடச் சற்றுக் கூடுதல். ஒரு பக்கத்துப் பாட்டு முழுவதும் இந்தப் பட்டைக்குள் அடங்க வேண்டும்.

இரண்டரை நிமிடப் பாட்டுக்குத் தட்டு சுமார் 112 முறை சுற்றுகிறது. 30 மி.மீ.யை 112ஆல் வகுத்தால் ஒரு சுற்றுக்கு 268 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) இடம். பக்கத்துக்கு 20 நிமிடம் ஓடும் எல்பியில் 86 மி.மீ. பட்டை இருந்தாலும், நிமிடத்துக்கு 33⅓ வீதம் 667 சுற்றுகள். ஆக, ஒரு சுற்றுக்கு 129 மைக்ரான்தான். ஊசி ஓடும் பள்ளத்தின் அகலமே சுமார் 60 மைக்ரானை விழுங்கிவிடும் என்று கழித்துப் பாருங்கள். பள்ளம் இடமும் வலமும் ஆடுவதற்கு எல்பியில் மிஞ்சுவது சுமார் 70 மைக்ரான், சிங்கிளில் 200க்கு மேல். இந்த ஆட்டம்தான் ஒலியின் அளவு. ஆட இடம் அதிகம் என்றால் சத்தமாக வெட்டலாம், தட்டின் சரசரப்பு பாட்டுக்குக் கீழே அமுங்கிவிடும். மும்மடங்கு இடம் கிடைத்ததால் மும்மடங்கு சத்தமாக வெட்டினார்கள் என்றில்லை. வெட்டும் கருவியின் தாங்குதிறனும், வீட்டு ஊசியால் அதைப் பின்தொடர முடியுமா என்பதும் கைகளைக் கட்டிப்போடும். ஆனாலும் வித்தியாசம் காதுக்குத் தெரியும்.

இடம் இருந்தது மட்டுமல்ல, தேவையும் இருந்தது. ஜூக்பாக்ஸில் முந்தைய தட்டைவிடச் சன்னமாக ஒலிக்கும் பாட்டுக்கு யாரும் மறுபடி காசு போட மாட்டார்கள். மோட்டவுனில் கார் ரேடியோவில் இருப்பதுபோன்ற சின்ன ஸ்பீக்கரில் ஓட்டிக் கேட்டுத்தான் பாட்டை வெளியே விட்டார்கள். ரேடியோக்காரர்களுக்கு மூன்று நிமிடத்தைத் தாண்டினால் பிடிக்காது. அதனால்தான் 1964இல் இசைத் தயாரிப்பாளர் பில் ஸ்பெக்டர், ரைச்சஸ் பிரதர்ஸ் என்ற பாடகர் இணையின் மூன்றே முக்கால் நிமிடப் பாட்டுக்கு லேபிளில் 3:05 என்று அச்சடித்து அனுப்பினார். சோல் பாடகர் ஜேம்ஸ் பிரவுன் நேர்வழியில் போனார்: நீண்ட பாட்டை முதல் பாகம், இரண்டாம் பாகம் என்று வெட்டி இரு பக்கங்களில் போட்டார்.

இந்தக் கணக்கை நம் வீட்டுப் பரணிலும் சோதிக்கலாம். தமிழ்ப் படப் பாடல்கள் வந்த ஏழங்குல இபி தட்டுகளும் 45 சுற்றுதான். ஆனால் பக்கத்துக்கு இரண்டு பாட்டு. ஆறரை நிமிடம் என்றால் 292 சுற்று, ஒரு சுற்றுக்குச் சுமார் 103 மைக்ரான். எல்பியைவிட நெரிசல். அவை சற்று அடங்கி ஒலிப்பதில் வியப்பில்லை.

இனி பேஸ். ஒலியை அப்படியே வெட்டினால் தாழ்ந்த சுரங்கள் இடத்தைச் சூறையாடிவிடும். பக்கவாட்டு வேகம் விநாடிக்கு 5 செ.மீ. என்று வைத்தால், 1000 ஹெர்ட்ஸ் ஒலிக்குப் பள்ளம் ஒரு பக்கமாக 8 மைக்ரான் ஆடும். அதே வேகத்தில் 50 ஹெர்ட்ஸ் ஒலிக்கு 159 மைக்ரான் ஆடும். பக்கத்துச் சுற்றின் சுவரையே உடைத்துவிடும் ஆட்டம் அது. அதனால் வெட்டும்போதே பேஸைக் குறைத்து, உச்சச் சுரங்களைக் கூட்டிவிடுகிறார்கள். 50 ஹெர்ட்ஸில் 17 டெசிபல், அதாவது ஏழில் ஒரு பங்காகக் குறைப்பு. 159 மைக்ரான் 23க்கு வந்துவிடும். ஆம்ப்ளிஃபயரின் ஃபோனோ பகுதி இதைத் தலைகீழாகச் செய்து பழைய நிலைக்குக் கொண்டுவருகிறது. ஆர்ஐஏஏ வளைவு என்பது இதுதான், 1954 வாக்கில் பொதுவானது. டர்ன்டேபிளின் வயரை ஃபோனோ அல்லாத சாதாரணச் சொருகியில் செருகினால் பாட்டு தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதும் இதனால்தான். 1950களின் தொடக்கத்து ப்ளூஸ் தட்டுகள் சில வேறு வளைவுகளில் வெட்டப்பட்டவை. டிரெபிள் குமிழை லேசாகத் திருகிச் சமாளிக்கலாம்.

அறுபதுகளின் சோல், கராஜ் ராக் (இளம் குழுக்களின் முரட்டு ராக்) சிங்கிள்களில் பெரும்பாலானவை மோனோ, அதாவது ஒரே சேனல். மோனோ பள்ளம் பக்கவாட்டில் மட்டும் ஆடும், மேலும் கீழும் ஆடாது. ஸ்டீரியோவில் இரு சுவர்களும் தனித்தனிச் செய்தி சுமப்பதால் ஊசி செங்குத்தாகவும் அசையும். இன்றைய ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜில் (ஊசியின் அசைவை மின்குறியாக மாற்றும் பகுதி) மோனோ தட்டைப் போட்டால், செங்குத்தாக ஏற்படும் எந்த அசைவும் இசை அல்ல. தூசி, கீறல், தட்டின் நெளிவு, அவ்வளவுதான்.

அத்தோடு இன்னொன்றும் உண்டு, அது பலருக்குத் தெரியாது. பள்ளத்தை வெட்டும் கூர், உளிபோல் தட்டை முகம் கொண்டது. அது எப்போதும் ஒரே திசையைப் பார்த்தபடி இடவலமாக ஆடுகிறது. பட்டை நிப் பேனாவால் எழுதிப் பாருங்கள்: ஒரு திசையில் கோடு தடிக்கும், இன்னொரு திசையில் மெலியும். இங்கேயும் அதேதான். பள்ளம் நேராகப் போகும் இடத்தில் முழு அகலம், சரிந்து குறுக்கே பாயும் இடத்தில் ஒடுக்கம். வெட்டியது உளி, ஆனால் வாசிப்பது உருண்டை முனை. ஒடுங்கிய இடத்தில் அதற்கு இறங்க இடம் போதாமல் மேலே தள்ளப்படுகிறது. ஓர் அலைக்கு இரண்டு சரிவு. எனவே ஊசி ஓர் அலைக்கு இரண்டு முறை துள்ளும். பாடகர் எழுப்பிய சுரத்துக்கு மேல், இரு மடங்கு அதிர்வெண்ணில் ஒரு பொய்ச் சுரம் சேர்ந்துவிடுகிறது. சத்தமாக வெட்டிய தட்டில் சரிவு செங்குத்து, துள்ளலும் அதிகம்.

இதற்கு மருந்து மோனோ பொத்தான். செங்குத்து அசைவு இடது, வலது சேனல்களில் ஒன்றுக்கொன்று எதிர்க்குறியோடு வரும். இரண்டையும் கூட்டினால் அது சுழியாகிவிடும், பக்கவாட்டு இசை மட்டும் வலுப்பெறும். ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு பொத்தானை அழுத்திப் பாருங்கள். இரு காதுகளிலும் பரந்து பொரிந்துகொண்டிருந்த சத்தம் சட்டென்று ஒடுங்கும். ஆம்ப்ளிஃபயரில் பொத்தான் இல்லையென்றால், கணினியில் பதிவெடுத்து இரு சேனல்களையும் சேர்த்துவிடலாம்.

ஊசி முனையின் அளவும் கவனிக்க வேண்டியது. மோனோ காலத்து முனையின் ஆரம் 25 மைக்ரான், ஸ்டீரியோ உருண்டை முனை சுமார் 18. 90 பாகை கோணப் பள்ளத்தில் பெரிய முனை சுவரைத் தொடும் உயரம், சின்ன முனை தொடுவதைவிட 5 மைக்ரான் மேலே. இந்த ஐந்து மைக்ரானை இளக்காரமாக நினைக்க வேண்டாம். ஒரு கனத்த ஊசி ஒரு மட்டத்தில் சுவரைத் தேய்த்துவிட்டால், வேறு அளவு முனை தேயாத மட்டத்தைத் தொடும். கேட்க முடியாது என்று ஒதுக்கிய தட்டு முனையை மாற்றியதும் பாட ஆரம்பிப்பது இப்படித்தான்.

சுத்தம் செய்வதில் பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் பாத்திரம் கழுவும் திரவம் நாலைந்து சொட்டு, மெல்லிய தூரிகை, பள்ளத்தின் போக்கிலேயே தேய்ப்பு, பிறகு வெறும் காய்ச்சி வடித்த நீரில் அலசல். லேபிள் நனையக் கூடாது. ஆல்கஹாலை அரக்கால் ஆன 78 சுற்றுத் தட்டின் பக்கமே கொண்டுபோகாதீர்கள், கரைந்துவிடும். ஸ்டைரீன் தட்டுக்கும் அது வேண்டாம்.

ஸ்டைரீன் என்றால்? அமெரிக்க 45களில் கணிசமானவை வினைல் அல்ல, அச்சில் உருக்கிப் பீய்ச்சிய பாலிஸ்டைரீன். லாஸ் ஏஞ்சல்ஸின் மோனார்க் ஆலைத் தட்டுகள் இதற்குப் பேர்போனவை. முடிவுப் பள்ளத்தருகே வட்டத்துக்குள் எம், ஆர் எழுத்துகள் இருக்கும். நகத்தால் ஓரத்தைத் தட்டினால் வினைல் மந்தமாக ஒலிக்கும், ஸ்டைரீன் டிக்கென்று கேட்கும். லேபிளும் தட்டோடு சேர்ந்து அழுந்தியிராமல் மேலே ஒட்டியதாக இருக்கும், ஓரம் பிரிந்துவரும். புதிதாக இருக்கையில் நன்றாகவே பாடும். ஆனால் வளைந்துகொடுக்காத பொருள் என்பதால் தேய்ந்த ஊசிக்குப் பலியாகிவிடும். டிஜேக்கள் பாட்டின் தொடக்கத்தைத் தேட முன்னும் பின்னும் சுழற்றியதில் முதல் சில விநாடிகள் மட்டும் வறுபடுவதுபோல் ஒலிக்கும் ஸ்டைரீன் தட்டுகள் ஏராளம். இதற்கு உருண்டை முனை ஊசியே பாதுகாப்பு. ஊசி தட்டை அழுத்தும் எடையைத் தயாரிப்பாளர் சொன்ன வரம்பின் மேற்பாதியில் வையுங்கள். எடை குறைந்தால் தட்டுக்கு நல்லது என்பது தவறான எண்ணம். பிடி தளர்ந்த ஊசி சுவரில் மோதி மோதி அதைக் கொத்திவிடும்.

கராஜ் ராக் வாங்குகிறவருக்கு ஒரு தலைவலி உண்டு. அமெரிக்காவின் டகோமா நகரத்து சோனிக்ஸ் மாதிரிக் குழுக்களின் தட்டில் கரகரப்பு இசையின் பாகம். அப்படியிருக்க, கேட்பது குழு போட்ட கரகரப்பா, பழைய ஊசி போட்டதா? கிட்டார் ஆம்ப் ஸ்பீக்கர் 5000 ஹெர்ட்ஸுக்கு மேல் வெகுவாக அடங்கிவிடும். எனவே கிட்டாரின் கரகரப்பு கனமாக, நடுச்சுரத்தில் நிற்கும். சிம்பலும் பாடகரின் ‘ஸ்’ ஒலியும் காகிதம் கிழிவதுபோல் தெறித்தால் அது தேய்மானம். குழு போட்டது முதலிலிருந்து கடைசிவரை ஒரே மாதிரி இருக்கும். தேய்மானம் உள்ளே போகப் போக ஏறும். வெளிச் சுற்றில் பள்ளம் ஊசிக்கடியில் விநாடிக்கு 396 மி.மீ. ஓடுகிறது, உள்ளே 254தான். 10,000 ஹெர்ட்ஸ் அலை ஒன்றின் நீளம் அங்கே 25 மைக்ரானாகச் சுருங்கிவிடும். 18 மைக்ரான் ஆரமுள்ள உருண்டைக்கு அதற்குள் நுழைந்து திரும்பவே சிரமம். எனவே தட்டு வாங்கும்போது முதல் பத்து விநாடியைக் கேட்டுத் தலையாட்டாதீர்கள். கடைசி முப்பது விநாடியைக் கேளுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் ஆர்கன் சுரம் குமட்டுகிற மாதிரி அலைந்தால், நடுத்துளை மையம் விலகியிருக்கிறது. அரை மில்லிமீட்டர் விலகினாலே, 60 மி.மீ. ஆரத்தில் சுருதி 0.8 சதவீதம் ஏறி, அதே அளவு இறங்கும். அரைச்சுரத்தில் ஏழில் ஒரு பங்கு, ஒன்றே கால் விநாடி சொச்சத்துக்கு ஒருமுறை. 45இன் 38 மி.மீ. பெருந்துளை இங்கே கைகொடுக்கிறது. ஒரு மி.மீ. சிறிய அடாப்டரைப் போட்டால் தட்டை நகர்த்த இடைவெளி கிடைக்கும். ஓடும்போது ஊசிக்கையின் ஆட்டத்தைக் கவனியுங்கள். கை மிக வெளியே வருகிற நிலையில் தட்டை நிறுத்தி, ஊசியைத் தூக்கி, ஊசி நின்ற பக்கத்து ஓரத்தை மையத்தை நோக்கித் தள்ளுங்கள், ஆட்டத்தின் மொத்த அகலத்தில் பாதி. இரண்டு மூன்று முறை முயன்றால் கை அசையாமல் நிற்கும், ஆர்கனும் நேராகிவிடும்.